துரைக்கு நீ வாங்கிய அப்பாயின்ட்மென்ட்

அன்புள்ள காசி,

இங்கே நானும் அப்பாவும் துரையும் நலமாக இருக்கிறோம். மூன்று பேர் என்று எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள். மருமகள் உமாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா என்று அவளிடமே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வழக்கில் அவளை இழுக்க எனக்கு இஷ்டமில்லை. இது உனக்கு மட்டும் எழுதுவது, ஆனால் ஊரே படிக்கப்போவது. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகக் குப்பை கொட்டியவளுக்குத் தட்டுகிற சத்தம் தெரியாதா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடுவேன். "தாத்தா திதியை விட அம்மாவுக்குப் பூனை பெரிசாப் போச்சு" என்று நீ அங்கேதானே எழுதினாய்? நாற்பத்து மூன்று பேர் படித்தார்கள். பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த நாற்பத்து மூன்று பேரும் இதையும் படிக்கட்டும்.

நேற்றுக் காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். ஏதோ பிராணிகள் கிளினிக்காம். "ஞாயித்துக்கிழமை பதினொண்ணரைக்கு உங்க பூனைக்கு டைம் குடுத்திருக்கோம் மேடம், வருவீங்கல்லா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு டைம் என்று கேட்டேன். அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள். பெயர் துரை, ஆண், பதினோரு வயது, சுகர், கருணைக் கொலை. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும்போல. அதில் நீ எழுதிக் கொடுத்ததையும் வாசித்தாள்: "ஓனர்ஸ் வயசானவங்க, பாத்துக்க முடியல." அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வேலை அது. நான்தான் அந்த வயசான ஓனர், கேன்சல் பண்ணு என்றேன். சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யட்டுமா என்றாள். சாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், ஆனால் எங்களிடம் கேட்க வேண்டாம், அப்படித்தானே? முதலில் கேன்சல் பண்ணு, அப்புறம் சாரிடம் எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்று சொல்லி வைத்தேன். மத்தியானம் இலைக்கு முன்னால் உட்கார்ந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார். உன் அப்பா கோபப்பட்டால் அவ்வளவுதான் சொல்வார் என்பது உனக்குத் தெரியும். மிச்சக் கோபத்தை எப்போதும் நான்தான் படவேண்டியிருக்கிறது.

துரையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நானா? வேலை கிடைத்து நீ பெங்களூர் போவதற்கு முந்தின சீசனில், குற்றாலத்தில் நண்பர்களோடு குளித்துவிட்டு வரும்போது ஏதோ லாட்ஜுக்குப் பின்னால் சாரலில் நனைந்து கத்திக்கொண்டிருந்தது என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். கண்ணே சரியாகத் திறக்கவில்லை. பஞ்சை நனைத்துப் பால் புகட்டினாய். பத்து நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். "பாத்துக்கோம்மா" என்றாய். பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதில்தான் என் குற்றமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உன்னை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

நம்முடையது சைவ வீடு. முட்டை வாசல்படி ஏறினதில்லை. துரைக்குப் பால்சோறு, தயிர்ச்சோறு, பண்டிகை என்றால் நெய் விட்ட பொங்கல். பிரதோஷத்துக்குக் கோயிலிலிருந்து வரும் சர்க்கரைப் பொங்கலில் அவனுக்கு ஒரு உருண்டை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நக்கித் தின்பான். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுப் பூனை சைவப் பூனை, எலியைப் பிடிச்சாக்கூட விளையாடிட்டு விட்டிரும்" என்று பீற்றிக்கொள்வேன். பத்து வருஷம் அந்தப் பெருமையில் மிதந்தேன். மீன் வாடைக்கு அடுத்த தெருவுக்கு ஓடின நாட்களில் குச்சியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்த் திட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஒரு உயிருக்கு என்ன சாப்பாடு என்று அந்த உயிரிடம் கேட்காமல் என் குலப் பெருமையை அதன் தட்டில் வைத்தேன். இது என் தப்பு. இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

போன ஆனி மாதம் பின்வாசலில் எறும்பு மொய்த்தது. துரை ஒண்ணுக்கு இருந்த இடத்தில் எல்லாம் சாரை சாரையாக எறும்பு. ஒரு மாதமாகவே அவன் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தட்டுத் தட்டாகத் தின்றான், ஆனால் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. பின்னங்கால் இரண்டையும் முழுசாகத் தரையில் பதித்து முயல் மாதிரி நடந்தான். மதில் மேல் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தான். வெயிலுக்குத் தாகம், வயசுக்குத் தளர்ச்சி என்று இருந்துவிட்டேன். எறும்பைப் பார்த்ததும்தான் உறைத்தது. உன் அப்பாவுக்குச் சுகர் இருப்பதையே எனக்கு முதலில் சொன்னது எறும்புதான், லேப் ரிப்போர்ட் இல்லை. காய்கறிக் கூடையில் அவனை வைத்து மேலே துண்டைக் கட்டி ஆட்டோவில் தென்காசிக்குக் கிளம்பினோம். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை வேறு. மேலகரத்திலிருந்து தென்காசி போவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஈரத் தலையும் எண்ணெய் முகமுமாக வண்டி வண்டியாக ஆட்கள். பக்கத்துக் காரில் இருந்த ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பூனையையும் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். உன் அப்பா பதிலுக்குச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் சின்னப் பெண்தான், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் பெருமையாகவே சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க சைவமா இருங்க, நான் வேண்டாங்கல. இது பூனைம்மா. இதுக்குக் கறிதான் சாப்பாடு" என்றாள். சோறு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, வயதும் உண்டு, வீட்டுக்குள்ளேயே கிடந்து கொழுத்ததும் உண்டு என்று சமாதானமும் சொன்னாள். ஆனால் இனிமேல் சோறு கூடாது, பால் கூடாது, வேகவைத்த கோழி, காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் இன்சுலின். சாப்பிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி, சாப்பிடாவிட்டால் தனக்கு போன் பண்ணாமல் போடக் கூடாது என்றாள். அதை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

அறுபத்திரண்டு வயதில் முதல்முதலாகக் கறிக்கடை வாசலில் போய் நின்றேன், காசி. எப்படிக் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "என்ன ஆச்சி, வீட்ல விருந்தாளா?" என்றார். பூனைக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் தெரு முழுக்க, ரிட்டயர்டு ஆனதும் அந்த வீட்டில் கறி தின்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்று பேச்சு. உன் சின்னத் தாத்தா மகன் ஒருவன் இதை விசாரிக்கவென்றே சங்கரன்கோவிலிலிருந்து போன் பண்ணினான். வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டுப் பழி கேட்டாலாவது ஒரு நியாயம் உண்டு! நான் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வேகவைத்தேன். முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். துரை முதல் துண்டை வாயில் கவ்வினதும் ஒரு சத்தம் போட்டான் பார், தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல். பத்து வருஷத்தில் அவனிடம் நான் கேட்டிராத சத்தம். அதைக் கேட்டு அழுதேன். இந்த ஊர்வாயெல்லாம் சேர்ந்து என்னைப் பேசட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

நீ பெங்களூரில் என்ன சாப்பிடுகிறாய் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. குரூப்பில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி போடுவது லேசு என்று நினைக்காதே. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பழைய துண்டில் துரையைச் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். காதோரத்தில் ஊசியால் லேசாகக் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்து, அப்பாவின் சுகர் மெஷினிலேயே பார்க்க வேண்டும். முதல் பத்து நாள் பொட்டு வரவே வராது, அல்லது வந்த பொட்டை அவன் தலையை உதறி என் கண்ணாடியில் தெளித்துவிடுவான். பிறகு கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து இரண்டு யூனிட். சில நாள் ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து மருந்து முழுக்க மயிரில் போய்விடும். உள்ளே போயிற்றா இல்லையா தெரியாது. தெரியாவிட்டால் திரும்பப் போடக் கூடாது. அன்றைக்கெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் முன்கையில் இன்னும் கீறல் இருக்கிறது. உன் அப்பா ஒன்பது வருஷமாக மாத்திரை தின்கிறவர், ஊசி என்றால் டாக்டர் அறையை விட்டு எழுந்து வருகிறவர், அவனைப் பிடித்துக்கொள்ளும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் குத்துகிற அந்த நொடியில் "ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்லலே" என்பார். உனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படிச் சொல்ல அவர் வீட்டில் இருந்ததில்லை. பாங்கு அவரை ஊர் ஊராக மாற்றிக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டை விட்டு நகர முடியாது. மதுரையில் என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. பூனைக்கு ஊசி போடணும் என்று சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். காய்ச்சல், மூட்டுவலி, யாரோ செத்துப்போனார்கள், எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார்கள். உண்மையைச் சொன்னதற்கு இன்றுவரை பேச்சு. இந்த ஊரில் யானைக்குச் சளி பிடித்தால் கும்பிட்டுவிட்டுக் கஷாயம் கொடுப்பார்கள், பசுவுக்கு வயிறு உப்பினால் வீடே உட்கார்ந்திருக்கும். பூனைக்குச் சுகர் என்றால் மட்டும் ஏன் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது என்று யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் தேவலை.

இனி திதிக்கு வருகிறேன். உன் அத்தை உன்னிடம் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

ஐப்பசியில் தாத்தா திவசம். உன் அத்தை செல்வி முந்தின நாளே பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிட்டாள். சமையலுக்குத் தேங்காய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் துரையின் கோழி டப்பாவைப் பார்த்துவிட்டாள். "மதினி, திவசத்துக்கு வீட்டுக்குள்ள இத வச்சிருக்கீயளே" என்றாள். டப்பாவோடு கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு ஒரு நாள்தானே, ஐயர் போனதும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. நாற்பது வருஷமாக இந்த வீட்டு மருமகள் என்ற பயம்தான் வாயை அடைத்தது. தாசில்தாரிடமே எதிர்த்துப் பேசினவள், நாத்தனாரிடம் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு அடுப்படியில் நின்றேன். ஏழு மணி அடித்தது. பழக்க தோஷம். அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் பிடித்தார், நான் ஊசியைப் போட்டுவிட்டு மறுபடி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாழைக்காய் நறுக்கப் போய்விட்டேன். கடிகாரத்துக்குப் போட்டேன், காசி, அவனுக்குப் போடவில்லை. அவன் முதல் நாள் சாயங்கால ஊசிக்குப் பிறகு எதுவும் தின்னவில்லை. உன் அத்தை பாவம் என்று தயிர்ச்சோறு வைத்திருக்கிறாள். ருசி கண்டவன் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் மூன்று தடவை சொன்னாள் என்று எழுதினேன் அல்லவா?

பத்தரை மணிக்கு அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து தள்ளாடி வெளியே வந்தான். இரண்டு அடி வைத்து ஒருக்களித்து விழுந்தான். நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. நான் "துரை" என்று கத்தினது வாசல்வரை கேட்டிருக்கும். முன்கட்டுப் பட்டாசாலையில் அப்பா விரலில் தர்ப்பை மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தார். பிண்டம் பிடிக்க வேண்டிய நேரம். எள்ளும் நெய்யும் தேனும் முன்னால் இருந்தன. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். உன் அப்பா எழுந்தார். திவசத்தில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததில்லை. தேன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, துரையின் தலையை முழங்காலில் சாய்த்து, தர்ப்பை போட்ட விரலாலேயே தேனைத் தொட்டு அவன் ஈறில் தேய்த்தார். சுகர் தாழ்ந்துபோனால் தேனைத் தேய்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. உன் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு வச்ச தேன அது வாயில தேய்க்கியே அண்ணே" என்றாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பா போயி இருபது வருசம் ஆச்சு செல்வி. இது இன்னும் போகல."

ஐயர் வாசற்படியில் வந்து நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "மூச்சு இருக்கோ?" என்று கேட்டார். இருக்கு என்றேன். "அப்ப மொதல்ல அதப் பாருங்கோ. நான் உக்காந்திருக்கேன்" என்று திரும்பிப் போய் மணையில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்துத் துரை நாக்கை நீட்டித் தானாகவே விரலை நக்கினான். நான் அந்த ஈரச் சேலையோடு ஆட்டோ பிடித்து அவனைத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். மிச்சச் சமையலை உன் அத்தைதான் செய்தாள். வேறு தேன் வாங்கி வந்து திவசமும் குறையில்லாமல் நடந்தது. காகம்கூட வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள். உன்னிடம் அதைச் சொன்னாளா?

அன்று ராத்திரி நீ போன் பண்ணினாய். துரை பிழைத்தானா என்று கேட்டாய். கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், கேட்டாய். கேட்ட கையோடு, "அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம், நிம்மதியா அனுப்பி வச்சிரலாம்மா" என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நான் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். தை மாதம் உமாவுக்குப் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. நான் வந்து மூன்று மாதம் இருக்க வேண்டும். துரையை வைத்துக்கொண்டு நான் எப்படி வருவேன், பிடிக்க ஒருவர், குத்த ஒருவர் வேண்டுமே, அப்பாவால் தனியாக முடியாதே என்று கணக்குப் போட்டாய். கணக்குத் தப்பு என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால், நானும் இதே கணக்கை இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். விடையையும் சொல்லியிருப்பேன்.

விடை இதுதான். இந்தக் கார்த்திகை பிறந்ததிலிருந்து காலையும் மாலையும் உன் அப்பா தனியாகத்தான் செய்கிறார். கோழியைத் தட்டில் வைத்து, தின்று முடிக்கிறவரை பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். தட்டு காலியான பிறகுதான் ஊசியை எடுக்கிறார். துண்டில் சுற்றித் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் தோலைத் தூக்கி, வலது கையால் போட்டுவிடுகிறார். முதல் நாள் ஊசியைத் தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டார். நான் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், போகவில்லை. இப்போது என்னைவிடச் சுத்தமாகப் போடுகிறார். போட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடுகிறார். கறிக்கடைக்கும் அவரே போகிறார். துரையின் பின்னங்கால் நிமிர்ந்துவிட்டது. துவைக்கிற கல்லில் ஏறி வெயில் காய்கிறான். எறும்பு இல்லை. "பாத்துக்க முடியல" என்று நீ எழுதிக் கொடுத்தாயே, அந்த வயசான ஓனர் இவர்தான். நான் தைப் பொங்கல் கழித்து உன்னோடு வருகிறேன். உமாவுக்கு வேண்டியதெல்லாம் செய்வேன். அதற்காக ஒரு உயிரைக் கழித்துவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. பூனையைச் சாக்கு வைத்து அம்மா தன்னைத்தான் சொல்கிறாள் என்று குரூப்பில் யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். நான் பூனையைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு கோபத்தையும் எழுதிவிட்டு, இன்று மத்தியானம் படுத்துக்கொண்டு யோசித்தேன். தொந்தரவாகிப்போன உயிரை, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாமல், ஏற்பாடு பண்ணி அனுப்பிவிடுவதை என் பிள்ளை யாரிடம் படித்தான் என்று. உன் அப்பாவிடம் இல்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

உனக்கு ஒன்பது வயதில் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. சொறி பிடித்து முடியெல்லாம் கொட்டி, ராத்திரியெல்லாம் ஊளையிட்டது. அப்பா வெளியூரில் இருந்தார். பக்கத்து வீட்டார் தினமும் வந்து சத்தம் போட்டார்கள். எனக்கு ஆபீசும் வீடும் நீயும் போதும் போதும் என்றிருந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சாக்கில் கட்டித் தூக்கிப்போகச் சொன்னேன். எங்கே கொண்டுபோனான், என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றே கேட்கவில்லை. சாயங்காலம் நீ வந்து கேட்டபோது, கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, ஆய்க்குடிப் பக்கம் போனதை யாரோ பார்த்தார்களாம் என்றேன். ஏன் ஆய்க்குடி என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்தது. மறுநாள் சனிக்கிழமை. நீ அந்தச் சின்ன சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்க்குடிவரை போய், டீக்கடை டீக்கடையாகக் கேட்டுவிட்டு, இருட்டின பிறகு முழங்காலெல்லாம் சேறாக வந்தாய். நான் சுடச்சுட தோசை வார்த்துப் போட்டேன். ஐந்து தின்றாய். அதற்குப் பிறகு ஜிம்மியைப் பற்றி நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று அப்போது நினைத்தேன். இப்போது, அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. தெரிந்துகொண்டு என் முகத்துக்காகச் சும்மா இருந்தாயோ என்று. உன் அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இப்போது நாற்பத்து மூன்று பேருக்கும் தெரியும்.

அதனால் சொல்கிறேன். துரை நிரந்தரம் இல்லை. இரண்டு வருஷமோ, இரண்டு மாதமோ. கறியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடிக்கு வராமல் இருட்டு மூலையைத் தேடிப் படுத்தால் கூப்பிடுங்கள், அப்போது பேசலாம் என்று டாக்டர்ப் பெண் சொல்லியிருக்கிறாள். அந்த நாள் வந்தால் அவன் முகத்தைப் பார்த்து நாங்கள்தான் முடிவு செய்வோம். அவள் வீட்டுக்கே வருவாள். அவன் அப்பா மடியில் இருப்பான். அன்றைக்கு உனக்கு முதலில் போன் பண்ணுவேன், நீ எந்த மீட்டிங்கில் இருந்தாலும் எடு. நடந்ததை நடந்தபடி சொல்வேன். ஓடிப்போய்விட்டான் என்று இன்னொரு தடவை உன்னிடம் சொல்லமாட்டேன்.

உன் அம்மா